வேவ்மேக்கரை நோக்கி நடந்த அனிமோன்

"அக்கா, அனிமோன் எடத்த வுட்டு நகருதுக்கா!"

சிதம்பரத்திலிருந்து என் வாடிக்கையாளர் இளங்கோ போனில் கத்தினார். சனிக்கிழமை காலை. நான் கடலூர் முதுநகரில் வேறொரு வீட்டு மீன்தொட்டியின் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்தப் பக்கமா போவுது?"

"புதுசா வாங்கி மாட்டுன வேவ்மேக்கர் பக்கமா."

"அதோட பிளக்க உடனே புடுங்குங்க. ரிட்டர்ன் பம்ப் ஓடட்டும், அதத் தொடாதீங்க. கெளம்பிட்டேன்."

கடல் மீன்தொட்டிப் பராமரிப்புக்கு வருமுன் இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள் நான். ஓடும் தண்ணீரைப் பார்த்தே பழுதைச் சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் எனக்கு உண்டு, இன்றும் உண்டு.

அனிமோன் பூ மாதிரி இருக்கும், ஆனால் பிராணி. பாதத்தால் பாறையைப் பிடித்து நிற்கும். தண்ணீர் ஓட்டம் ஒத்துவராவிட்டால் நடக்க ஆரம்பித்துவிடும். வேவ்மேக்கர் என்பது தொட்டிக்குள் அலை உண்டாக்கும் விசிறி. அதில் அனிமோன் சிக்கி அரைபட்டால் தண்ணீரே விஷமாகி, ஒரே நாளில் தொட்டி காலியாகிவிடலாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அது வேவ்மேக்கருக்குப் பின்னால் இரண்டு விரற்கடை தூரத்தில், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கம் அடித்த வேகம் தாங்காமல் பின்னால் ஒதுங்கியிருக்கிறது. ஆனால் விசிறி தண்ணீரை உறிஞ்சுவது பின்பக்கத்தில்தான்.

இளங்கோ சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "புடிச்சு எடுத்துடுவோமாக்கா?"

"கைய வெக்காதீங்க. பாதம் கிழிஞ்சா செத்துடும்."

வேவ்மேக்கரைத்தான் கழற்றி வெளியே எடுத்தேன். "இவ்ளோ பெருசு எதுக்குங்க வாங்குனீங்க?"

"மூலையில குப்ப சேர்ந்து பாசி புடிக்குது. தண்ணி ப்ளோ பத்தலன்னு வீடியோவுல சொன்னாங்க."

அவர் மனைவி தாமரை தொட்டிக்கு எதிரே மேசை போட்டு, கம்ப்யூட்டரில் டியூஷன் எடுப்பவர். நாள் முழுக்க அந்தத் தண்ணீர்தான் அவர் கண் முன்னால். மெதுவாகச் சொன்னார்: "போன மாசம் நீங்க அந்தப் பெரிய கல்ல வெச்சதுலேர்ந்துதான்க்கா குப்ப சேருது. அப்பவே போன்ல சொன்னேன். பழகிடும்னு சொல்லிட்டீங்க."

சொன்னது உண்மை. பழைய வேவ்மேக்கரின் ஓட்டத்தை நான் வைத்த கல் மறித்திருந்தது. தப்பு என்னுடையது. முகம் சுட்டது. ஆனாலும் வாயைத் திறந்து சொன்னேன்: "நாந்தாங்க தப்புப் பண்ணிட்டேன்."

கல்லை எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் அதன் அடியில் கோமாளி மீன் ஜோடி முட்டையிட்டிருந்தது. அவை குடியிருந்த அனிமோன் போய்விட்ட பிறகும் ஆண் மீன் அங்கேயே நின்று துடுப்பால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

"கல்ல எடுத்தா முட்டை போயிடுமாக்கா?" என்றார் தாமரை.

"கல்ல எடுக்கல. தண்ணிய மாத்துறேன்."

பழைய வேவ்மேக்கரைப் பின்மூலைக்கு மாற்றி, உறிஞ்சும் பக்கத்துக்கு ஸ்பாஞ்ச் உறை போட்டேன். முன் கண்ணாடியில் மோதிச் சிதறும்படி அதைத் திருப்பினேன். நேராக அடிக்கும் ஓட்டத்தைவிடச் சிதறும் ஓட்டமே இவற்றுக்கு நல்லது. வடிகட்டிய தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பின் குழாய் முனையைக் குப்பை சேரும் மூலைக்குச் சாய்த்தேன். பிறகு ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தூவினேன். தூள் போகிற வழிதான் தண்ணீர் போகிற வழி.

"தூளு இன்னும் அந்த மூலையிலதான் உக்காருது," என்றார் தாமரை. முனையை இன்னும் கொஞ்சம் திருப்பினேன். "இப்பவும் கொஞ்சம் நிக்குது." மூன்றாவது தடவை தூள் அங்கே நிற்காமல் சுழன்று மேலே ஏறியது. "போச்சு! போச்சுக்கா!" என்று எழுந்து நின்றுவிட்டார்.

சாயங்காலம் அனிமோன் கண்ணாடியை விட்டு இறங்க ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். திங்கட்கிழமை வீடியோ வந்தது. கல்லின் மறுபக்கப் பிளவில் அனிமோன் தானே இடம் பிடித்து விரிந்திருந்தது. வியாழக்கிழமை தாமரையே கூப்பிட்டார். "பாதி முட்டைய மீனுங்களே தின்னுடுச்சுங்கக்கா. மீதி எல்லாத்துலயும் வெள்ளி வெள்ளியா குஞ்சுங்க கண்ணு தெரியுது!"

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்பது பம்ப் பெட்டி மேலேயே அச்சடித்திருக்கும். தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது என்பது, தினமும் அந்தத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். முதலில் அவரைக் கேளுங்கள்.