ஆறு மணி வெடி

வீட்டில் வைத்திருக்கும் துப்பாக்கியைப் பதிய வேண்டும், இல்லையென்றால் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். அதற்கான முகாம் அன்று எங்கள் மலையூரான கொட்டச்சேட்டில் நடந்தது. இன்ஸ்பெக்டர் இருந்தார். எழுதுகிற போலீஸ்காரர் இருந்தார். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் இருந்தார். நான் இருந்தேன். கடைசியாக, ஊருக்கு மேலே காட்டில் குடியிருந்த மேல்காட்டுக்காரர் நாட்டுத் துப்பாக்கியோடு இறங்கி வந்தார்.

தனி ஆள். வலது கன்னத்தில் வெடிமருந்து தெறித்த கறுப்புப் புள்ளிகள். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் காட்டில் ஒரு வெடி கேட்கும். பன்றி விரட்டுகிறார் என்று நினைத்திருந்தோம்.

"பன்னித் தொல்லைன்னு எழுதிக் குடுங்க, லைசென்ஸ் கேட்டுப் பாக்கலாம்," என்றார் ரைட்டர்.

"பன்னி வந்தே நாலு வருசமாச்சுங்க. குண்டு போடறதில்லீங்க, வெறும் மருந்துதான். மேல ஆள் இருக்குதுன்னு கீழ தெரியோணுமில்லீங்க."

போலீஸ்காரர் சிரித்தார். "அதுக்குப் போன் வாங்கலாமே."

"வாங்கி யாருக்குங்க பண்றது?"

அவர் துப்பாக்கியைத் துண்டால் துடைத்து மேசையில் வைத்தார்.

"தினம் சாயங்காலம் நான் வந்து பாக்கறனுங்க," என்றேன்.

"நொம்ப சந்தோசம் சாமி," என்றார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் உயிரோடு இருந்தார். நான் ஏறிப் போனது மூன்று தடவை.