பெட்டியில் 512, கார்டில் 64

மகளின் கட்டட வரைபடப் பரீட்சை வெள்ளிக்கிழமை. அதற்கு 256 எம்பி நினைவகமுள்ள கிராபிக்ஸ் கார்ட் வேண்டும். நேற்று ஹட்டனில் வாங்கிய பெட்டியில் 512 என்று பெரிதாக இருந்தது.

பூட்டிப் பார்த்தால், கார்டுக்குச் சொந்தமானது 64 தான். மிச்சத்தைக் கணினியின் நினைவகத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

இன்று திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரன் என் பழைய மாணவன்.

"திறந்த பெட்டிய மாத்த முடியாதுங்க சேர். கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கே."

"தோட்டத்து ஒத்தை அறை லயத்துல, முன்திண்ணை இஸ்தோப்பைச் சாக்குக் கட்டி மறைச்சுட்டு, ரெண்டு அறை வீடுன்னு சொல்ற மாதிரி இருக்குப்பா."

சிரித்தான். "அந்த மாதிரி இஸ்தோப்புலதான் சேர் நான் படிச்சேன். கேள்விய முழுசா வாசிடான்னு நீங்கதானே அடிச்சீங்க."

நன்றாகத்தான் கற்பித்திருக்கிறேன்.

இதை வாசிக்கும் நண்பர்களே, வெள்ளிவரை நல்ல கார்ட் ஒன்றை யாராவது இரவல் தருவீர்களா? நிபந்தனை இருந்தால், அந்தச் சின்ன எழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.