பல்லடத்தில் கேட்ட மூன்றாவது பாட்டு

பல்லடம் தாண்டியதும் பஸ் பஞ்சர். டிரைவர் ஜாக்கியைத் தேடுகிறார். எனக்கோ உட்கார்ந்திருக்கப் பொறுக்கவில்லை; இறங்கிவிடுகிறேன். நாட்டுப்புறப் பாட்டையும் ராக்கையும் கலந்து, தானே எழுதிப் பாடும் அந்தப் பெரிய பாடகரின் புது ஆல்பம் காலையிலிருந்து காதில் ஓடுகிறது. சாயங்காலத்துக்குள் விமர்சனம் அனுப்ப வேண்டும். மூன்றாவது பாட்டில் டிரம்ஸுக்குப் பதில் விசைத்தறிச் சத்தம். 'உழைக்கிறவர்களின் நெஞ்சுத் துடிப்பு' என்று போனில் எழுதியே வைத்துவிட்டேன்.

சாலையோரத்திலேயே ஒரு தறிக்கூடம். வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கும் தறிக்கார அக்காவிடம், விமர்சனம் எழுதுவதைச் சொல்லி ஹெட்போனை நீட்டுகிறேன். அவர் வாயால் ஒரு பாராட்டு கிடைத்தால் அதையும் சேர்த்துவிடலாமே.

கண்ணை மூடிக் கேட்கிறார். சட்டென்று சிரிக்கிறார்.

"ஏனுங்க தம்பி, இது வெறுந்தறிங்க. நூலே ஏத்தாம ஓட்டியிருக்காங்க."

"எப்படிங்க்கா சொல்றீங்க?"

"நூல் ஏத்துன தறி இப்படி லொடலொடன்னு கத்தாதுங்க. மெக்கானிக் ரிப்பேர் பாத்துப்போட்டு, ஓடுதான்னு சும்மா ஓட்டிப் பாப்பாரில்லீங்க, அந்தச் சத்தம்."

"பாட்டு எப்படிங்க இருக்கு?"

"பாட்டு நல்லாத்தான் இருக்குது. நாங்க வேலை செய்யற சத்தம்னு மட்டும் எழுதிப்போடாதீங்க கண்ணு."

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். ஓடிப்போய் ஏறி, 'நெஞ்சுத் துடிப்பு' வரியை அழிக்கிறேன். 'மூன்றாவது பாட்டில் தறி ஓடுகிறது, துணி வரவில்லை' என்று அடிக்கிறேன். சரியா என்று பார்க்கப் பாட்டை மறுபடி போடுகிறேன்.

இன்னமும் பிடித்துத் தொலைக்கிறது.