பள்ளிக் கதவில் ஒரே ஒரு பெயர்

எங்கள் தீவுக்கு வாரத்தில் மூன்று நாள் கப்பல் வரும். அதைக் கரையில் கட்டி நிறுத்துகிறவர் என் அப்பா மினாஸ். பெரிய துறைமுகங்களில் இந்த வேலைக்கு நான்கு பேர் இருப்பார்கள். இங்கே அவர் ஒருவர்தான். கப்பல் பின்பக்கமாகத் திரும்பி வரும்போது மேலிருந்து மெல்லிய கயிறு ஒன்றை வீசுவார்கள். அதைப் பிடித்து இழுத்தால், நுனியில் கட்டியிருக்கும் தடித்த வடம் தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வரும். அதன் கண்ணியைக் கரையில் நட்டிருக்கும் இரும்புக் கட்டையில் மாட்டிவிட்டு, அடுத்த வடத்தைப் பிடிக்க அப்பா ஓட வேண்டும். அவர் ஓடி முடிக்கும்வரை கப்பல் இயந்திர பலத்தில் காத்து நிற்கும். இத்தனை பெரிய கப்பல் இந்தக் குட்டை மனிதருக்காகக் காத்து நிற்பதைச் சின்ன வயதில் பெருமையோடு பார்த்திருக்கிறேன்.

குளிர்காலத்தில் பல நாள் ஒருவரும் இறங்க மாட்டார்கள். இரண்டு மூட்டை மாவும் ஒரு பெட்டி மருந்தும் வரும். அப்பா அப்போதும் தன் ஆரஞ்சு நிற வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கப்பலைக் கட்டுவார், பத்து நிமிடத்தில் அவிழ்ப்பார். வீட்டுக்கு வந்து, "வந்துச்சு, போச்சு" என்பார். அன்றைக்கு அவர் பேசுவது பெரும்பாலும் அவ்வளவுதான்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அம்மா இரண்டு வாரத்தில் வருவதாகச் சொல்லி ஏதென்ஸ் துறைமுகமான பிரேயுஸில் இருந்த சித்தி வீட்டுக்குப் போனார். திரும்பவில்லை. அம்மா போன கப்பலின் வடத்தை அவிழ்த்துவிட்டதும் அப்பாதான். அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஊரும் அவர் முன்னால் பேசியதில்லை. நாங்கள் இருவரும் சமைக்கக் கற்றுக்கொண்டோம்.

பள்ளி இறுதியாண்டில் அந்த வருடம் நான் ஒருத்திதான். ஐந்து ஆசிரியர்கள் மாறி மாறி வந்து ஒரே மேசைக்குப் பாடம் நடத்தினார்கள். பக்கத்துப் பெரிய தீவில் போய்த் தேர்வு எழுதினேன். ஜூன் மாதம் மதிப்பெண் வந்தது. நல்ல மதிப்பெண்தான். ஆனால் எங்கள் நாட்டில் அதோடு முடிவதில்லை. எந்த ஊரில் எந்தத் துறை வேண்டும் என்று வரிசையாக எழுதி ஒரு படிவம் கொடுக்க வேண்டும். ஆகஸ்டில் ஒவ்வொரு துறைக்கும் கடைசி ஆள் எடுத்த மதிப்பெண் வெளியாகும். நம்முடையது அதற்கு மேலே இருந்தால் இடம் உண்டு. கொண்டாட்டமும் அப்போதுதான். ஜூனில் வாழ்த்துச் சொல்ல வாயெடுப்பவர்களை மற்றவர்கள் அதட்டுவார்கள்.

எனக்கு ஆசிரியர் பயிற்சி வேண்டும். அது அப்பாவுக்கும் பிடித்திருந்தது. எந்த ஊர் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"முதல்ல ரோட்ஸ் போடு. நாலு மணி நேரம்தானே. வெள்ளிக்கிழமை கப்பல்ல வந்து திங்கக்கிழமை கப்பல்ல போயிடலாம். துணிகூட இங்கயே துவைச்சுக்கலாம்."

"சரிப்பா" என்றேன்.

படிவத்தில் ரோட்ஸை நான் எழுதவேயில்லை. முதலாவதாக யானினா எழுதினேன். அது வடக்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஊர். எங்கள் கப்பல் எந்த வழியாகச் சுற்றினாலும் அங்கே போய்ச் சேராது. அடுத்து எழுதியவையும் வடக்கத்தி ஊர்கள்தான். ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை வருடம் யோசித்திருக்கிறேன். படிப்புதான் வேண்டுமென்றால் ரோட்ஸ் போதும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த ஆரஞ்சுச் சட்டை கரையில் நிற்பதை நினைத்தபோது மூச்சு முட்டியது. அதற்கு மேல் நாகரிகமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

ஜூலை முழுக்க அப்பா காப்பிக்கடையில் ரோட்ஸைப் பற்றியே பேசினார். அங்கே வாடகைக்கு அறை தருகிற ஒருவரின் பெயரைக் கப்பல் சிப்பந்தி ஒருவரிடம் எழுதி வாங்கி வைத்திருந்தார்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை முடிவு வந்தது. தலைமை ஆசிரியர் விடுமுறைக்குத் தன் ஊரான கிரீட்டுக்குப் போயிருந்தார். அவர் அனுப்பிய தாளை நகராட்சி அலுவலகத்துப் பெண் அச்செடுத்து, விதிப்படி பள்ளிக் கதவில் ஒட்டினார். வெள்ளைத் தாளில் கட்டம் போட்ட அட்டவணை. தலைப்பு, அதன் கீழே ஒரே ஒரு பெயர். மீதித் தாள் காலியாக இருந்தது. ஏதென்ஸில் பிள்ளைகள் பள்ளி வாசலில் கட்டிப்பிடித்து அழுததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எங்கள் பள்ளி வாசலில் நானும் ஒரு பூனையும் நின்றோம்.

கப்பலை அனுப்பிவிட்டு அப்பா வந்தார். விரலை வைத்து வாசித்தார்.

"யானினாவா?"

"ஆமாப்பா."

"ரோட்ஸ்?"

"மார்க் பத்தலப்பா. கொஞ்சத்துல போயிடுச்சு."

அவர் விரலை எடுக்கவில்லை. வேறு வரி இருக்கிறதா என்று கீழே வரை தடவிப் பார்த்தார். பிறகு என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். தார் வாசனை அடித்தது. "ஆசிரியர் ஆகப் போற. அது போதும்" என்றார். "வெள்ளிக்கிழமை கப்பல் போனதும் ஃபூலா கடையில எல்லாருக்கும் விருந்து வைக்கிறேன். சொல்லிடு."

பிள்ளைக்கு இடம் கிடைத்தால் தகப்பன் காப்பிக்கடையில் ஊருக்கே வாங்கிக் கொடுப்பது எங்கள் வழக்கம். கடைக்காரி ஃபூலா அன்றைக்கே ஆக்டோபஸை விருந்துக்காகக் காய வெயிலில் தொங்கவிட்டாள். என்னைக் கண்டதும் கண்ணேறு படாமல் இருக்க மூன்று முறை தூ தூ தூ என்று மெல்லத் துப்பினாள்.

வெள்ளிக்கிழமைக் கப்பலில்தான் செய்தித்தாள் வரும். அந்த வாரச் செய்தித்தாளில் எல்லாத் துறைகளின் மதிப்பெண்ணும் தனி இணைப்பாக வரும். யானினாவுக்கு வேண்டிய மதிப்பெண் ரோட்ஸைவிட அதிகம். யானினா கிடைத்தவளுக்கு ரோட்ஸ் போட்டிருந்தால் நிச்சயம் கிடைத்திருக்கும். இதைப் பார்க்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவராவது இருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் யார் என்றும் தெரியும். ஓய்வுபெற்ற தபால்காரர் ஃபிலிப்பாஸ்.

வியாழக்கிழமை முழுவதும் அப்பாவிடம் சொல்லிவிட நினைத்தேன். அவர் தன் நல்ல சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கப்பல் வந்தது. செய்தித்தாள் கட்டை இறங்குபாலத்திலிருந்து ஃபூலா கடைக்குத் தூக்கி வருவது அப்பாவின் வழக்கம். அன்றும் அவரே தோளில் வைத்துக்கொண்டு வந்தார். கட்டின் மேல் பெரிய எழுத்தில் "எல்லாத் துறைகளின் மதிப்பெண்கள் உள்ளே" என்று இருந்தது.

இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். நான் தட்டில் பாதாம் இனிப்பு வைத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனேன். ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்துக்கொண்டு, "பட்டமும் வாங்கிட்டு வா" என்றார்கள்.

"மினாஸ், பொண்ணு போயிட்டா உனக்கு யாருடா சோறு போடுவா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இப்பவும் நான்தானே போடறேன். அவ சமைச்சதை நீ சாப்பிட்டிருக்கியா? பூனைகூட மோந்துட்டுப் போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் ஃபிலிப்பாஸ் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு இணைப்பைப் பிரித்தார். அவர் விரல் பக்கத்தில் மேலும் கீழும் போய்வந்தது.

"மினாஸ், இங்க பாரு. அச்சுல தப்பா போட்டுட்டானுங்களா?"

"என்ன?"

"ரோட்ஸ் கீழ இருக்கு. யானினாவைவிட முந்நூறு மார்க் கம்மி. உன் பொண்ணு ரோட்ஸ்ல தூங்கிக்கிட்டே சேர்ந்திருக்கலாமே."

நான் சமையலறை வாசலில் காலித் தட்டோடு நின்றேன். அப்பா தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு வீசப்படுவதற்கு முன்னால் கரையில் நிற்பதுபோலக் கொஞ்சம் கால் அகட்டி உட்கார்ந்திருந்தார்.

"தெரியும். நான்தான் யானினா போடச் சொன்னேன்."

"நீயா? ஜூன்ல இருந்து ரோட்ஸ் ரோட்ஸ்னு எங்க உயிரை எடுத்தியே."

"உண்மையை உன்கிட்ட சொன்னா தபால்ல போடாமயே ஊருக்கெல்லாம் போய்ச் சேந்துடுமே, அதான்."

சிரிப்பு எழுந்தது. ஃபிலிப்பாஸ் விடவில்லை. "சரி, ஏன் யானினா? கடலைப் பார்க்காத ஊரு."

"அவளுக்கு நெஞ்சு சரியில்லப்பா. கடல் ஈரம் ஆகாது, மலைக்காத்துதான் நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

"போன வருஷம் இருந்தாரே, அவரு."

எங்கள் தீவுக்கு வருடத்துக்கு ஒரு டாக்டர் வருவார். போனவரைத் தேடிப் பிடித்துக் கேட்க யாராலும் முடியாது. ஃபூலா என் பக்கம் திரும்பி, "பாவம், சொல்லவே இல்லையே" என்றாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இருமினேன்.

அப்பா என்னைப் பார்க்காமலே கோப்பையை என் பக்கம் உயர்த்தினார். "எல்லாருக்கும் இன்னொரு சுத்து" என்றார்.

வீட்டுக்கு வந்தோம். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அத்திப்பழம் இரண்டை உரித்து ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

"அங்க ஏரி இருக்காமே."

"இருக்குப்பா."

"கப்பல்?"

"சின்னப் படகுதான். நடுவுல ஒரு தீவு இருக்கு, அதுக்குப் போய்ட்டு வரும்."

"தீவா" என்றார். சிரிக்கப் பார்த்தார். பழத்தைத் தின்றுவிட்டுக் கை கழுவப் போனார். 'ஏன்' என்று அவர் கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேனா தெரியாது. கேட்கவில்லை. அந்த மூச்சுமுட்டலைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்லியிருப்பேன்?

செப்டம்பரில் புறப்பட்டேன். அதற்கடுத்த நான்கு வருடமும் திங்கள், புதன், வெள்ளி கப்பல் போனதும் தொலைபேசியில் அழைப்பார். "வந்துச்சு, போச்சு." அப்புறம், "நெஞ்சு எப்படி இருக்கு?"

அந்தக் கேள்வியை அவர் எப்போதும் காப்பிக்கடையிலிருந்துதான் கேட்பார். பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள். "பரவால்லப்பா" என்பேன். அவர் சத்தமாக, "பரவால்லையாம்" என்று மேசைக்குச் சொல்வார். கோடையில் நான் ஊருக்குப் போனால் ஃபூலா மலைச் செடித் தழையில் தேநீர் போட்டுத் தருவாள். ஃபிலிப்பாஸ் எனக்காகக் காற்றில்லாத பக்கத்து நாற்காலியை விட்டுக்கொடுப்பார். நான் ஒழுங்காக இருமுவேன். என் நுரையீரல் கழுதையினுடையதைப்போல பலமானது. யானினாவில் ஒரு குளிர்காலத்தில்கூடக் காய்ச்சல் என்று படுத்ததில்லை.

பட்டமளிப்புக்கு அப்பா வரவில்லை. "கப்பலை யாரு கட்டுவா?" என்றார். மற்றவர்களைச் சுற்றி மாமாக்களும் அத்தைகளும் பூங்கொத்துகளும் இருந்தன. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். யாரோ ஒருவரின் அப்பாவிடம் கைபேசியைக் கொடுத்து என்னைப் படம் எடுக்கச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், மூன்று முறை எடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை. படியில் உட்கார்ந்து அழைப்புக்குக் காத்திருந்தேன். காற்று அதிகம் என்று கப்பல் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வந்திருந்தது.

அந்தக் கோடையில் பட்டச் சுருளை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அலமாரியைத் திறந்து அப்பா அதை ஒரு உறைக்குப் பக்கத்தில் வைத்தார். உறையில் என்ன என்று பார்த்தேன். பள்ளிக் கதவில் ஒட்டியிருந்த தாள். நான்கு மூலையிலும் ஒட்டுநாடாவோடு கதவின் பச்சை வண்ணமும் உரிந்து வந்திருந்தது. கூடவே அந்த வெள்ளிக்கிழமைச் செய்தித்தாளின் இணைப்பும் இருந்தது. ரோட்ஸுக்கும் யானினாவுக்கும் பக்கத்தில் பென்சிலால் சின்னக் கோடு. வேறு எதுவும் எழுதவில்லை. செய்தித்தாள் கட்டைத் தூக்கி வந்த வழியிலேயே பிரித்துப் பார்த்துவிட்டாரா, எல்லோரும் போனபிறகு பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முன்பே பார்த்திருந்தால், இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, ஃபிலிப்பாஸ் விரலை நகர்த்துவதைப் பார்த்தபடி எப்படி உட்கார்ந்திருந்தார்?

இப்போது எனக்கு இருபத்தைந்து வயது. நான் ஆசிரியர்தான், ஆனால் தற்காலிகம். ஒவ்வொரு செப்டம்பரிலும் வேறு ஊர். இரண்டு மலைக் கிராமங்களில் வேலை பார்த்தாயிற்று. எங்கே அனுப்பலாம் என்று வரிசையாக எழுதி ஒவ்வொரு கோடையிலும் படிவம் கொடுக்க வேண்டும். முன்பு கொடுத்த அதே படிவத்தின் தங்கையைப்போல இருக்கிறது இது. எங்கள் தீவுகளுக்கு ஆட்கள் கிடைப்பதில்லை, கேட்டால் உடனே கொடுத்துவிடுவார்கள். இதுவரை நான் கேட்டதில்லை.

இந்த வருடப் படிவத்துக்கு நாளை கடைசி நாள். திரையில் பாதி நிரப்பியிருக்கிறேன். இன்று புதன்கிழமை. மதியம் அப்பா அழைத்தார். பின்னால் காப்பிக்கடைச் சத்தம் இல்லை. வீட்டிலிருந்து பேசினார்.

"வந்துச்சு, போச்சு."

"சரிப்பா."

"படிவம் கொடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல. நாளைக்குத்தான் கடைசி."

தண்ணீர்க் குழாய் சொட்டுவது கேட்டது. அந்தக் குழாய் நான் அங்கே இருந்தபோதே அப்படித்தான்.

"எங்க போடறேன்னு நான் கேக்கலம்மா" என்றார். "ஃபிலிப்பாஸ் கேட்டா நான் என்ன சொல்லணும், அதை மட்டும் முன்னாடியே சொல்லிடு. போன தடவை அங்கயே யோசிக்க வேண்டியதாப் போச்சு."