மூன்றாம் பாகத்தில் கேட்ட சத்தம்

போன வருஷம் மழை ஓய்ந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பம்பாயில் செம்பூரில் ஒரு ஆறாவது மாடி வீட்டில் நடந்தது இது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் பதினைந்து வருஷம் பின்னால் போய், தாராவியில் என் கடையிலிருந்து தொடங்க வேண்டும். அவசரம் இல்லாதவர்கள் கேளுங்கள்.

நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். ஆனாலும் எங்கள் சந்தில் முதன்முதலாக கம்ப்யூட்டர் கேம் கடை வைத்தது நான்தான். என் வீட்டுக்காரர் டிராம்பேயில் வேலை பார்த்தவர். ஒரு ஆபீஸில் கழித்துப் போட்ட ஐந்து கம்ப்யூட்டரை வாங்கி வந்து, வீட்டு முன்னறையில் வரிசையாக வைத்து, ஒன்றோடு ஒன்று ஒயரால் இணைத்தார். இரண்டு வருஷத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கடையை நான் பார்த்துக்கொண்டேன்.

ஓடியது ஒரே விளையாட்டு. துப்பாக்கிச் சண்டை. திரையில் துப்பாக்கியும் அதைப் பிடித்த கையும் மட்டும்தான் தெரியும், ஆள் தெரிய மாட்டான். ஏனென்றால் அந்த ஆளே நாம்தான். இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒருவன் திரையை ஒருவன் பார்க்காமல், ஒருவனை ஒருவன் தேடிச் சுட வேண்டும். சண்டை நடக்கிற இடங்களில் எங்கள் சந்துக்காரர்களுக்குப் பிடித்தது ஒரு பழைய மில். சங்கிலித் தொங்கல், மரப்படி, மேல்தளத்தில் தண்ணீர்த் தொட்டி. பரேல் பக்கம் மூடிக்கிடந்த மில்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது சொந்த இடம் மாதிரி.

அந்த விளையாட்டு பின்னால் மூன்று பாகம்வரை வந்தது. எங்கள் கடையில் ஓடிய முதல் பாகத்தில், செத்தவன் செத்தவன்தான். அந்த ஆட்டம் முடியும்வரை உயிர் வராது. அதை வைத்து நான் ஒரு சட்டம் போட்டேன். செத்தவன் நாற்காலியை விட்டு எழும்ப வேண்டும், வரிசையில் நிற்கிறவன் உட்கார வேண்டும். பிறகு எந்த வாக்குவாதமும் கிடையாது. நான் வாசலில் ஸ்டவ்வைப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பேன். ஸ்பீக்கர் சத்தத்தை வைத்தே யார் செத்தான், யார் பிழைத்தான் என்று சொல்லிவிடுவேன். என் காது தப்பாது என்று சந்துக்கே தெரியும். எனக்கும் அதில் பெருமை உண்டு.

ஒரு கிறிஸ்துமஸ் லீவில் போட்டி வைத்தோம். கடைசி ஆட்டத்தில் மிஞ்சியது இரண்டு பேர். ஒருவன் என் பக்கத்து வீட்டுக்காரன், அப்போதுதான் காலேஜ் முடித்தவன். இப்போது செம்பூரில் இருக்கிறான், அதனால் செம்பூர்க்காரன் என்றே சொல்கிறேன். இன்னொருவன் தோல் பட்டறையில் பை தைக்கிறவன். சொந்தமாக ஒரு ஹெட்போன் வாங்கி வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொள்வான். மற்றவர்கள், "பைலட்டு வந்துட்டாரு, பிளேன எடுங்கல" என்று கிண்டல் பண்ணுவார்கள். நானும் அதை வெறும் ஸ்டைல் என்றுதான் நினைத்திருந்தேன். இருவருக்கும் அடுத்தடுத்த நாற்காலி.

செம்பூர்க்காரன் மில்லின் மேல்தளத்தில் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். பட்டறைக்காரன் கீழே. நின்றவன் சட்டென்று துப்பாக்கியை உயர்த்தி, தலைக்கு மேலிருந்த பலகையைப் பார்த்துச் சுட்டான். மேலே ஒளிந்திருந்தவன் செத்தான்.

கடையே அலறியது. செம்பூர்க்காரன் எழும்பவில்லை.

"எஞ் ஸ்கிரீனப் பாத்துட்டான் அத்தே! இல்லன்னா எவன்ல கூரையப் பாத்துச் சுடுவான்?"

"பாக்கல அத்தே," என்றான் மற்றவன். "பலகை கிரீச்சுன்னுச்சு. ரெண்டு தடவ. இதுல கேட்டுச்சு."

ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "நீங்களே கேளுங்க. இவன மறுபடி அங்கன நடக்கச் சொல்லுங்க."

நான் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். கையெல்லாம் எண்ணெய். சட்டியில் சத்தம், ஸ்பீக்கரில் சத்தம், சந்தில் சத்தம். திரும்பி நின்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்:

"எனக்குக் கேக்காத சத்தம் ஒனக்கு மட்டும் கேக்குமால? எழும்பு. இனிமே இந்தக் கடப் பக்கம் வராத."

சிரித்தார்கள். அவன் நீட்டிய கையை மடக்கி, ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனான். அன்றிலிருந்து அவனுக்கு 'எட்டிப்பாத்தான்' என்று பெயர் விழுந்தது. பட்டறைவரை அந்தப் பெயர் போயிற்று. தோல் வெட்டுகிற இடத்தில்கூட, "ஏல, அடுத்தவன் அளவ எட்டிப் பாக்காத" என்றார்களாம். நாலைந்து மாதத்தில் அவன் தாராவியை விட்டே போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டு, நல்லதாய்ப் போயிற்று என்றுதான் சொன்னேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

அப்புறம் இரண்டாம் பாகம் வந்தது. திரையில் வண்ணம் கூடியது. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் செத்தவன் பத்து எண்ணுவதற்குள் உயிரோடு வந்துவிடுவான். பிறகு எதற்கு எழும்ப வேண்டும்? என் சட்டம் ஓடவில்லை. கடிகாரம் பார்த்து ஆளை மாற்ற வேண்டியதாயிற்று, தினமும் சண்டை. வெடிச்சத்தமும் காதைப் பிளக்கும், அதில் வேறு எதுவும் கேட்காது. எங்கள் மில்லையும் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் எல்லோர் கையிலும் போன் வந்தது, ஆட்டமும் அதற்குள் போனது. நான் கடையை மூடினேன்.

செம்பூர்க்காரன் மட்டும் என்னை மறக்கவில்லை. ஆபீஸ் உத்தியோகம், கல்யாணம், குழந்தை எல்லாம் ஆகி, செம்பூரில் வீடு வாங்கினான். போன வருஷம் போன் பண்ணினான்.

"அத்தே, மூணாம் பாகம் வந்துட்டு. நம்ம மில்லத் திரும்பக் கொண்டாந்துட்டான். வந்து பாருங்க."

ஆசையாகப் போனேன். சுவர் அகலத்துக்கு டிவி. மில்லைப் பார்த்ததும் நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதே சங்கிலி, அதே மரப்படி. ஆனால் இப்போது சங்கிலியில் துரு தெரிகிறது, வெளியே மழை பெய்கிறது, தரையில் தேங்கிய தண்ணீரில் ஜன்னல் வெளிச்சம் ஆடுகிறது. முதல் பாகத்தில் எல்லாம் அட்டையில் வெட்டி ஒட்டினது மாதிரி இருக்கும். ஆனால் அப்போது பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார நாலு பேர் இருந்தார்கள். இதில் அவரவர் வீட்டில் அவரவர். அவன் சுடுகிற ஆள் எந்த ஊரில் இருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது.

"ஏல, இது பேச்சுத் துணை இல்லாத சண்டை," என்றேன். சிரித்தான்.

உள்ளே குழந்தை தூங்கியது. அதனால் டிவி சத்தத்தை நிறுத்திவிட்டு, ஹெட்போனை என் தலையில் மாட்டினான். "நீங்க கேளுங்க அத்தே, எனக்குச் சத்தம் வேண்டாம்." வாழ்நாளில் முதல்முறையாக நான் அதை மாட்டிக்கொண்டேன். மழைச் சத்தம் என்னைச் சுற்றிப் பெய்தது. அவன் மில்லுக்குள் மெல்ல நடந்தான். கீழ்த்தளம். மரப்படிக்குப் பக்கம்.

கிரீச்.

என் தலைக்கு மேலே, இடது பக்கம். கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தடவை.

"மேல ஆளு இருக்கான்ல!" என்று கத்திவிட்டேன்.

"எங்க அத்தே? யாருமில்ல..." அவன் சொல்லி முடிக்கவில்லை. மேலே பலகை சிதறியது. திரை சிவந்தது. செத்துப் போனான்.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அவன் என்னையே பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரே ஞாபகம்.

"பலகச் சத்தம்," என்றேன்.

"புதுசுல சேத்திருப்பானுவ அத்தே," என்றான். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

இருக்கலாம். மூன்றாம் பாகத்தில் மழை இல்லையா, துரு இல்லையா, அப்படிச் சத்தமும் புதிதாக இருக்கலாம். அதை நம்பிக்கொண்டு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் தீர்ப்புச் சொன்னவள் நான். முதல் பாகத்தில் அது இருந்ததா இல்லையா என்று பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவனைத் தாராவிக்கு வரச் சொன்னேன். என் வீட்டுப் பரணில் ஒரு பழைய கம்ப்யூட்டர் மிச்சம் இருந்தது. முதல் பாகத்தின் சி.டி.யும் அங்கேயே ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. தூசி தட்டி, மூன்று தடவை முயற்சி பண்ணி, கடைசியில் ஓடியது. அட்டை மில் வந்தது. செம்பூர்க்காரன் மேல்தளத்தில் கம்ப்யூட்டரே நடத்துகிற ஒரு ஆளை நடக்க விட்டுவிட்டு, கீழே நின்றான். முதலில் ஸ்பீக்கரில் கேட்டோம். ஒன்றும் இல்லை. மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் அவன் கொண்டுவந்திருந்த ஹெட்போனை மாட்டினேன்.

இருந்தது. சின்னச் சத்தம், எலி கதவைச் சுரண்டுகிற மாதிரி. ஆனால் இருந்தது. பதினைந்து வருஷமாக அந்த சி.டி.க்குள், என் வீட்டு டப்பாவில், என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

அவனும் வாங்கிக் கேட்டான். கம்ப்யூட்டரை அணைத்தான்.

"அவன் எங்க இருக்கான்னு விசாரி," என்றேன்.

பழைய பட்டறையில் கேட்டதில், உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் தைக்கிற இடத்தில் கட்டிங் மாஸ்டராக இருப்பது தெரிந்தது. அந்த வாரமே இருவரும் சயானில் ரயில் ஏறினோம்.

பத்துப் பதினைந்து மிஷின் ஓடுகிற கூடம். நடுவில் பெரிய மேஜையில் துணி விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். தலையில் நரை. எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, முகம் இறுகியது. ஆனாலும் மரியாதை விடவில்லை. இருந்த இரண்டு நாற்காலியையும் எங்களுக்குப் போட்டுவிட்டு அவன் நின்றான். எனக்கு உட்கார மனம் வரவில்லை. செம்பூர்க்காரன் உட்கார்ந்தான்.

"மிஷின நிறுத்தச் சொல்லுல," என்றேன்.

"வேல கெடும் அத்தே. என்ன விசயம்?"

"நிறுத்தச் சொல்லு. அன்னைக்கு எல்லாரு முன்னாடியும்தான சொன்னேன்? இன்னைக்கும் எல்லாருக்கும் கேக்கணும்."

அவன் திரும்பி, "அரே, தோ மினிட் பந்த் கரோ," என்றான். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அங்கிருந்தவர்கள் எல்லோரும் இந்திக்காரர்கள். எனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில் சொன்னேன்: "மைனே இஸ்கோ சோர் போலா தா. ஏ சோர் நஹி. கல்தி மேரா." இவனைத் திருடன் என்றேன், இவன் திருடன் இல்லை, தப்பு என்னுடையது. அவர்களுக்கு என்ன விளங்கியதோ. அவனுக்கு விளங்கியது.

சாக்கட்டியைக் கீழே வைத்தான்.

"கேட்டுச்சா அத்தே?"

"கேட்டுச்சுல. மொதப் பாகத்துலயும் கேட்டுச்சு, மூணாவதுலயும் கேட்டுச்சு."

முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரித்த துணியில் இல்லாத சுருக்கத்தைத் தடவினான். கொஞ்சம் கழித்து, "பதினஞ்சு வருசங் கழிச்சுல்லா காது தெறந்திருக்கு," என்றான். நான் சிரித்துவிட்டேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

அப்போது செம்பூர்க்காரன் நாற்காலியை விட்டு எழும்பினான். அதைப் பட்டறைக்காரன் பக்கம் தள்ளினான்.

"உக்காருல," என்றான். "அன்னைக்கு நா எழும்பல. செத்தவன் எழும்பணும்லா."

அவன் நாற்காலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். உட்கார்ந்தான். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டான்: "மூணாவது எப்படி இருக்கு? மில்லு அப்படியே இருக்கா?"

டீ வந்தது. மிஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. மழையையும் துருவையும் சங்கிலியையும் நான் அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு இருவரும் என் வீட்டுக்கு வந்து அச்சு முறுக்கு தின்றார்கள். அன்று மட்டுமல்ல, இப்போதும் யாராவது எதையாவது நீட்டி "நீங்களே கேளுங்க" என்றால், சட்டியை இறக்கிவைத்து, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முதலில் காதில் வைத்துப் பார்க்கிறேன்.