உள்ளே விட்ட துணி

மருத்துவமனை நடைவழியில், டாக்டர் அறைக்கு வெளியே என் கணவரின் செருப்பைப் பார்த்தேன். மாத்திரை வாங்கிவருகிறேன் என்று சொல்லி, எடை பார்க்கும் இடத்தில் என்னை உட்காரவைத்துவிட்டுப் போனவர். மருந்துக் கடை கீழ்த்தளத்தில் இருந்தது. செருப்போ முதல் தளத்தில், கதவோரம், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. இடது செருப்பின் அறுந்த வாரை நான்தான் தடித்த நூலால் தைத்துக் கொடுத்திருந்தேன். என் தையலை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து மாத்திரைக் கவருடன் வந்தார். "கூட்டமா கீது, அதான் லேட்டு" என்றார்.

கவரை வாங்கிக்கொண்டேன். எடை மிஷின் என் பளுவைச் சொல்லியிருந்தது. அவர் முகம் எதையும் சொல்லவில்லை.

உத்திரமேரூரில் எங்கள் தெருவுக்கு ஜாக்கெட் தைப்பவள் நான். கணவர் ஏழுமலை, நெல் மூட்டைகளை வாலாஜாபாத் அரிசி ஆலைகளுக்கு ஏற்றிப்போகும் சின்ன லாரியை ஓட்டுகிறார். அவர் தங்கை கஸ்தூரி அடுத்த வீட்டில் இருக்கிறாள். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது என் நோயே வந்திருக்கலாம். அல்லது யாராவது, நோய் வந்தவருக்குப் பக்கத்தில் நின்று பொய் சொல்லிக்கொண்டிருக்கலாம். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதல் கட்டியை டேப்தான் கண்டுபிடித்தது. எனக்கே ஒரு ஜாக்கெட் வெட்டுவதற்காக மார்பைச் சுற்றி டேப்பை இழுத்தேன். இடதுபுறம் அது ஏதோ ஒன்றின்மேல் ஏறி இறங்கியது. வலி இல்லை. துணிக்கு அடியில் ஒரு புளியங்கொட்டை சிக்கிக்கொண்டதுபோல் இருந்தது.

காஞ்சிபுரத்தில் பயாப்சி (சதைத் துணுக்கை ஊசியால் எடுத்துச் செய்யும் சோதனை) செய்தார்கள். முடிவை வாங்க அவர் தனியாகப் போனார். வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "வெறும் கொழுப்புக் கட்டியாம். எடுத்துட்டா சரியாப் பூடும்."

அன்று கஸ்தூரி மீன் குழம்பு கொண்டுவந்தாள். எனக்குத் தலைத்துண்டு வைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டு மீன்தலை அவள் அண்ணனுக்குத்தான். எனக்கு வால்தான். அந்தத் தலை தட்டிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அது என்னவோ சொல்ல வந்ததுபோலத் தெரிந்தது. நான் தின்றுவிட்டேன்.

ஆபரேஷனுக்குச் சேர்த்த அன்று, பக்கத்துக் கட்டிலில் வாலாஜாபாத்காரி ஒருத்தி தலையில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உனுக்கு எத்தினி கீமோ சொல்லிக்கிறாங்க?" என்று கேட்டாள். கீமோ (புற்றுக்கு நரம்பு வழியாக ஏற்றும் மருந்து) என்றால் என்னவென்று அன்று எனக்குத் தெரியாது.

"எனுக்கு அதெல்லாம் இல்ல. கொழுப்புக் கட்டிதான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த வார்டுல படுத்துக்கினு கொழுப்புக் கட்டின்றியே. எங்க வூட்டுக்காரரு சூட்டுக் கட்டின்னு சொல்லித்தான் இட்டாந்தாரு. இந்த ஆம்பளைங்களுக்கு ரெண்டு கட்டி பேருதான் தெரியும் போல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் என் நோயின் பெயர் எனக்குத் தெரிந்தது.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். நடுவயதுக்காரர், மெதுவாகப் பேசுபவர். "வீட்ல சொல்லிட்டாங்கன்னு நினைச்சேன்மா. நாங்களே சொல்லிக்கிறோம்னு அவங்கதான் கேட்டுக்கிட்டாங்க" என்றார். எங்கள் பக்கத்து வழக்கம் இது. நோயாளிக்கு மட்டும் நோயின் பெயரைச் சொல்வதில்லை. பால்காரருக்குத் தெரியும், சீட்டுக்காரிக்குத் தெரியும். படுத்திருப்பவளுக்குத் தெரிந்தால் மனசு உடைந்துவிடும் என்பார்கள்.

எல்லாவற்றையும் டாக்டரம்மாவே விளக்கிச் சொன்ன பிறகு, தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுத்தார்கள். பிறகு கீமோ. பிறகு கதிர்வீச்சு. முடி போனது, வந்தது. வாய்க்கு ருசி போனது, வந்தது. நம்பிக்கை மட்டும் போன இடத்திலேயே தங்கிவிட்டது.

அதன்பிறகு யார் என்ன சொன்னாலும் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். தையல்காரி அப்படித்தான் துணியைப் பார்ப்பாள். ஸ்கேன் எடுத்தோம், "நார்மல்" என்றார். கொழுப்புக் கட்டி என்று சொன்ன அதே வாய், அதே குரல். ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் கூடத்தில் தனியாகப் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். "உனுக்குக் காத்து வேணும்" என்றார். டாக்டர் அறைக்கு வெளியே அவர் செருப்பைப் பார்த்ததும் அந்த நாட்களில்தான். தைக்கத் துணி கொடுத்திருந்த பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து, "அவசரம் இல்லக்கா, அப்புறம் தரேன்" என்று அளவு ஜாக்கெட்டையும் சேர்த்து வாங்கிப் போனார்கள். இரக்கமா, அருவருப்பா என்று அவர்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடது கை வீங்கியது. லிம்ஃபெடீமா (நெறிகளை எடுத்ததால் நிணநீர் வடியாமல் கையில் தேங்குவது) என்றார்கள். இறுக்கமான கையுறை கொடுத்தார்கள். "கைக்கு வேலை கொடுங்க, பளு கொடுக்காதீங்க" என்றார் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்.

கஸ்தூரிதான் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "இத பாரு அண்ணி. ஒரு பொம்பள துண்டுத் துணியிலயே போர்வை தைக்கிறா. நம்ம வூட்டுல மூட்டை மூட்டையா கீது, எலிதான் படுத்துக்கினு கீது."

ஜாக்கெட் வெட்டிய மிச்சம் அவ்வளவும் என்னிடம் இருந்தது. தெருப் பெண்கள் எல்லாருடைய பச்சையும் மஞ்சளும் அரக்கும். அதை க்வில்ட் என்றாள் போனில் வந்தவள். மேல்துணி, நடுவில் பஞ்சுத் தகடு, அடித்துணி, மூன்றையும் சேர்த்து மிஷினில் கோடு கோடாகத் தையல் ஓட்டிய போர்வை. முழுப் போர்வையை மிஷினுக்கு அடியில் தள்ள என் கையால் ஆகாது. ஆனால் இந்த முறையில், தலையணை உறை அளவுள்ள ஒவ்வொரு கட்டத்தையும் பஞ்சோடு தனியாகத் தைத்து முடித்துவிடலாம். கடைசியில் கட்டங்களை ஒன்றோடொன்று இணைத்தால் போதும். ஒரு கட்டத்தின் பளு ஒரு சொம்புத் தண்ணீர்கூட இருக்காது.

சூட்சுமம் இணைப்பில்தான். ஒரு கட்டத்தின் ஓரத்தில் மேலே ஒரு பட்டைத் துணியும் அடியில் ஒரு பட்டைத் துணியும் வைத்து ஓட்ட வேண்டும். மேல்பட்டையின் மறு ஓரத்தை அடுத்த கட்டத்தோடு தைத்து விரித்தால், இரண்டு கட்டத்துப் பஞ்சும் பட்டைக்குள் ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும். ஏறக் கூடாது, விலகவும் கூடாது. பிறகு அடிப்பட்டையை மடித்து மூடிக் கையால் தைத்துவிட்டால், முன்னும் பின்னும் பிசிர் தெரியாது.

முதல் இரண்டு கட்டங்களை இணைத்து, விரலால் நீவிப் பார்த்தேன். பட்டைக்குள் மேடு தட்டியது. நீளமாக, கெட்டியாக.

என் விரல் தானாகவே தாவணிக்காலத்தில் இழுத்துவிட்டுக்கொள்ளும் பழக்கம்போல நெஞ்சுக்குப் போனது. தழும்பின் ஓரத்தை நீவியது. அங்கேயும் தட்டியது. ஒரு மிளகு அளவு.

செருப்பு ஞாபகம் வந்தது. அவருக்குத் தெரியும் என்று முடிவு கட்டினேன். டாக்டருக்கும் தெரியும். கஸ்தூரிக்கும் தெரியும், அதனால்தான் சாகப்போகிறவளின் கைக்கு விளையாடத் துணி கொடுத்திருக்கிறாள். எல்லாம் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. சந்தேகத்தைப்போல் நல்ல தையல்காரி கிடையாது. கிடைத்த துண்டையெல்லாம் சேர்த்துவிடுவாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மிளகோடு நெல் அறுப்பு முடிந்தது. தெருவில் கொட்டிக் காயவைத்த நெல்லை ஆட்கள் காலால் கிண்டிக்கொண்டு போவார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டங்களைத் தைத்துக்கொண்டிருப்பேன். நடுவில் எனக்கென்று ஒரு ஜாக்கெட் தைத்தேன். இடதுபுறம் தட்டை, வலதுபுறம் பழைய அளவு. இரண்டு பேருக்குத் தைத்ததுபோல் இருந்தது.

கஸ்தூரி அதை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். அவள் கை நின்றது.

"இன்னா அண்ணி, உள்ள துணியே வுடல?"

வேறு ஊரில் எப்படியோ, எங்கள் தெருவில் பக்கவாட்டுத் தையலுக்குள் துணி விடாத ஜாக்கெட் கிடையாது. பெண்ணுக்குக் கல்யாணமாகும், பிள்ளை பெறுவாள், சதை போடும். பிரித்துவிட்டுக்கொள்ள இரண்டு பக்கமும் துணி இருக்க வேண்டும். கிழவிக்குத் தைத்தாலும் விடுவேன். எனக்கு நானே தைத்ததில் மட்டும் ஒட்ட வெட்டியிருந்தேன்.

"இன்னாத்துக்கு வுடணும்?" என்றேன்.

கஸ்தூரி ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அவள் அழுகையின் பின்புறத்தையும் திருப்பிப் பார்த்தேன். "அப்போ உனுக்கும் தெரியும்" என்றேன்.

"இன்னா தெரியும்? இன்னா அண்ணி தெரியும்?"

அவள் கையைப் பிடித்துத் தழும்பின் ஓரத்தில் வைத்தேன். அவள் முகம் வெளுத்தது. அந்த வெளுப்பைப் பொய்யாகத் தைத்துவைக்க யாராலும் முடியாது. அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அன்றிரவே அண்ணனிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை நாஷ்டாகூடச் சாப்பிடாமல் மூன்று பேரும் காஞ்சிபுரம் போனோம். லாரியின் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்துகொண்டோம். மருத்துவமனையில் இறங்கியதும் சொன்னேன்: "நான் மட்டும் போறேன். இன்னா வந்தாலும் எனுக்குத்தான் மொதல்ல சொல்லணும்."

அவர் தலையாட்டினார். அன்று டாக்டர் அறைக்கு வெளியே என் செருப்பு மட்டும் கிடந்தது.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். ஊசி வைத்துச் சோதனைக்கு அனுப்பினார். "இப்ப எதுவும் சொல்லமாட்டேன். தெரியாததைத் தெரியும்னு சொன்னா உங்களுக்கு என்மேலயும் நம்பிக்கை போயிடும்" என்றார். நோய் வந்த பிறகு நான் கேட்டவற்றில், திருப்பிப் பார்க்கத் தோன்றாத முதல் வார்த்தை அது.

முடிவு வருவதற்குள் மேடு தட்டிய இணைப்பைப் பிரித்தேன். பட்டைக்குள் இரண்டு கட்டத்துப் பஞ்சும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. போனில் வந்தவள் கால் இஞ்சில் தைக்கச் சொல்லியிருந்தாள். நான் அரை இஞ்ச் விட்டிருந்தேன். இவ்வளவு வருஷம் ஜாக்கெட்டுக்குத் துணி விட்ட கை, கேட்காமலே இங்கேயும் விட்டிருக்கிறது. எனக்கான ஜாக்கெட்டில் விட மறுத்த துணியை, போர்வைக்குள் ஒளித்துவைத்திருக்கிறது.

முடிவைக் கேட்கவும் நான் மட்டுமே போனேன்.

"புற்று இல்லைம்மா. கிரானுலோமா (உடம்பு வெளிப்பொருளைச் சுற்றிக் கட்டும் சின்ன முடிச்சு). ஆபரேஷன்ல போட்ட நூல் முடிச்சு ஒண்ணு கரையாம நின்னிருக்கு. அதைச் சுத்தி உடம்பு வேலி போட்டிருக்கு."

"நூலா?"

"நூல்தான்."

"காட்டுங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "எடுக்கணும்னு அவசியமில்லை. ஆனா உள்ள இருந்தா நீங்க தூங்கமாட்டீங்க." மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார். வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினார். நீல நிறத்தில், கொசுவளவு ஒரு முடிச்சு. நான் குனிந்து பார்த்தேன். சுற்றுகள் சரியாகத்தான் விழுந்திருந்தன.

"இன்னிக்கு இது இல்லை. நாளைக்கு வராதுன்னு என்னால சொல்ல முடியாது. சோதனைக்குத் தவறாம வரணும்."

"அது போதும்" என்றேன்.

புறப்படும்போது, அன்றைக்கு என் கணவர் தனியாக வந்து என்ன கேட்டார் என்று கேட்டேன். "அதை அவர்கிட்டயே கேளுங்க" என்றார்.

வெளியே பெஞ்சில் அவரும் கஸ்தூரியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் செருப்பைக் காலில் மாட்டியபடியே இருந்தார். முடிவைச் சொன்னேன். கஸ்தூரி, "டீ வாங்கியாறேன்" என்று முகத்தை மூடிக்கொண்டு போனாள்.

"அன்னிக்கு டாக்டருகிட்ட தனியா இன்னா கேட்ட?"

அவருக்கு 'ங்க' போடாமல் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. சுவரைப் பார்த்தார்.

"பக்கத்துல படுத்துக்கலாமான்னு கேட்டேன்."

"இன்னாது?"

"தூக்கத்துல கை கிய்யி மேல பட்டு, உனுக்கு எதுனா ஆயிடுச்சின்னா. உன்கிட்ட கேட்டா நீ வலிச்சாலும் வலிக்கலன்னுவ. அதான் அவங்ககிட்ட கேட்டேன்."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"படுத்துக்கோன்னாங்க. எனுக்குத்தான் பயம் போவல."

இதையும் நான் உடனே நம்பிவிடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிசிர் தெரியவில்லை.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். கையில் எது தட்டினாலும் மனசுக்குள் வைத்து முடிவு கட்டாதீர்கள், கொண்டுபோய்க் காட்டுங்கள். எனக்கு நூல் வந்ததால் உங்களுக்கும் நூல்தான் என்று இல்லை. பக்கத்தில் நிற்பவர்களே, அன்பினால் சொன்னாலும் பொய் சொல்லாதீர்கள். பிறகு நீங்கள் சொல்லும் உண்மைக்கெல்லாம் அந்த முதல் பொய்யின் குரல் வந்துவிடுகிறது.

முன்பெல்லாம் காலம் எனக்கு ஒரே நீளத் துணி, கடைச் சுருளிலிருந்து உருண்டு வந்துகொண்டே இருக்கும். இப்போது கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு கட்டம். பஞ்சு வைத்து, தையல் ஓட்டி, அதை அதிலேயே முடித்துவிடுகிறேன். அடுத்தது வந்தால் தொட்டு நிற்கட்டும். உடம்பும் அப்படித்தான்: வலதுபுறம் ஒரு கட்டம், இடதுபுறம் ஒரு கட்டம், நடுவில் தழும்பு என்ற பட்டை. நீவிக் கொடுத்தால் இப்போது மேடு இல்லை. குளிர் நாட்களில் இழுக்கிறது.

போர்வை முடிந்தது. கூடத்துப் பாய் சுருட்டி மூலையில் நிற்கிறது. நானும் அவரும் ஒரே போர்வைக்குள் படுக்கிறோம். அவர் கை எங்கே இருக்கிறது என்று சில நேரம் நான் கண்ணைத் திறந்து பார்க்கிறேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஒட்ட வெட்டிய ஜாக்கெட்டைக் கஸ்தூரி வெளியே எடுத்துப் போட்டாள். "இத இன்னா பண்றது அண்ணி? வுடாத துணிய எங்கேந்து கொண்டாருவ?"

போர்வைக்கு வெட்டிய பட்டையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஜாக்கெட்டின் இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, பட்டையை வைத்து இணைத்தேன். பிறகு பட்டையை மடக்கி, ஒரு விரல் அகலம் துணியை உள்ளே விட்டுத் தைத்தேன். கஸ்தூரி எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் வுடு" என்பதுபோல் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள்.

பிரித்தேன். இரண்டு விரல் விட்டுத் திரும்பத் தைத்தேன்.