செல்லத்தாயின் நாற்பத்தொரு சீட்டு

வெள்ளைக்காரன் போன மறுவருஷம் தூத்துக்குடியில் நகரசபைத் தேர்தல் வந்தது. வந்து தொலைந்தது என்றுதான் செல்லத்தாய் சொல்லுவாள். கயத்தாற்றில் பிறந்து, இங்கே வாக்கப்பட்டு, கொண்டவன் காய்ச்சலில் போனபின் கடற்கரை ரோட்டில் ஆப்பம் சுட்டுப் பிழைத்தவள். இருந்த ஒற்றை அறைக்கு ஒழுங்காக வீட்டுவரி கட்டியதால் அவளுக்கும் ஓட்டு இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் பட்டது கொஞ்சமல்ல.

அவள் மகன் தாணுலிங்கம் சப்ஜெயிலில் இருந்தான். தோணி முதலாளி காசிலிங்கம் ரேஷன் அரிசியைக் கொழும்புக்குக் கடத்தும்போது தோணி பிடிபட்டது. முதலாளி தப்பினான், மூட்டை தூக்கின தாணுலிங்கம் மாட்டினான். ஊரே ஆறு அவுன்ஸ் அரிசிக்கு வரிசையில் நிற்கையில் இந்த வேலை பார்த்த முதலாளி, கதர்ச்சட்டை மாட்டிக்கொண்டு அவள் வார்டிலேயே தேர்தலில் நின்றான். கேட்க நாதியில்லை. எதிர்த்து நின்ற ஜெபசிங் வாத்தியார் மட்டும், தான் ஜெயித்தால் காசிலிங்கத்தைக் கூண்டில் ஏற்றி, தாணுலிங்கத்தை மீட்பதாக அவளிடம் சொல்லியிருந்தார்.

அப்போதெல்லாம் சீட்டில் குறி போடுகிற வழக்கம் இல்லை. தேர்தலில் நிற்கிற ஆளுக்கொரு நிறப் பெட்டி. மறைப்புக்குள் போய் வேண்டிய பெட்டியில் சீட்டைப் போடவேண்டியதுதான். காசிலிங்கத்தின் ஆட்கள் அதற்கும் வழி கண்டார்கள். மிரட்டி வைத்த ஜனம் சீட்டைப் போடாமல் மடியில் செருகி வெளியே கொண்டுவரும். நம்பிக்கையான ஒருத்தர் மொத்தத்தையும் உள்ளே கொண்டுபோய் அவனுடைய பச்சைப் பெட்டியில் திணிப்பார். அப்படி நாற்பது சீட்டைச் செல்லத்தாயிடம் கொடுத்தார்கள். பச்சை ஜெயித்தால் பிள்ளை வெளியே வருவான் என்றார்கள். பிள்ளை உள்ளே கிடக்கிறவள் எங்கே மாற்றிப் போடப்போகிறாள்?

மறைப்புக்குள் போய் மடியிலிருந்த சீட்டுக்கட்டை எடுத்தாள். பச்சையில் போட்டால் தாணுலிங்கம் வந்துவிடுவான். ஆனால் காசிலிங்கம் மீட்ட பிள்ளை சாகிறவரைக்கும் காசிலிங்கத்தின் ஆள்தான். நாசமாய்ப் போக என்று, தன் சீட்டோடு நாற்பத்தொன்றையும் வாத்தியாரின் வெள்ளைப் பெட்டியில் போட்டாள்.

வாத்தியார் முப்பத்திரண்டு ஓட்டில் ஜெயித்தார். காசிலிங்கம் யார் யாரையோ சந்தேகப்பட்டு அடித்தான். அவளை மட்டும் சந்தேகப்படவில்லை. எட்டு நாள் பொறுத்து அவள் வாத்தியார் வீட்டுக்குப் போனாள். வாசலில் காசிலிங்கத்தின் கார் நின்றது. சேர்மன் யார் என்று கவுன்சிலர்கள்தான் தீர்மானிக்க வேண்டும், மற்ற வார்டுகளில் ஜெயித்தவர்களில் ஐந்து பேர் காசிலிங்கத்தின் கையில், வாத்தியாருக்குச் சேர்மன் ஆசை வந்துவிட்டது என்று தெருவில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

வாத்தியார் காசிலிங்கத்தை வழியனுப்ப வெளியே வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"ஒம்மவன் விஷயத்த மறக்கல, செல்லத்தாயி. அண்ணாச்சியே எடுத்துவிடுதேன்னு சொல்லிட்டாவ."

காசிலிங்கம் சாவகாசமாகக் காரில் ஏறி உட்கார்ந்தான்.

"வியாழக்கெழம வந்திருவாம்ளா. வீட்டுல ஒக்கார வச்சிராத. நேரே தோணிக்கு வரச்சொல்லு."

"சரி அண்ணாச்சி" என்றாள் செல்லத்தாய்.